அமெரிக்காவில் மாநில எம்.எல்.ஏ. ஆவது எப்படி, அதுவும் சோற்றுக்கு வேலையை வைத்துக்கொண்டே

அமெரிக்க அரசியல் என்றால் நம்மவர்களுக்கு அதிபர் தேர்தல்தான் கண்ணில் படும், மிஞ்சிப்போனால் வாஷிங்டன் காங்கிரஸ். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது, துப்பாக்கி வாங்க என்ன விதி, கருக்கலைப்பு செல்லுமா செல்லாதா, ஓட்டுப் போட என்ன அடையாள அட்டை வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் முடிவாவது ஐம்பது மாநிலத் தலைநகரங்களில்தான். அந்த ஐம்பது சட்டமன்றங்களிலும் சேர்த்து 7,386 இடங்கள் இருக்கின்றன. நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலத்திலும் இரண்டு அவைகள்: கீழவை, செனட் என்கிற மேலவை. நெப்ராஸ்காவில் ஒரே அவை, 49 பேர், ஓட்டுச்சீட்டில் கட்சிப் பெயர்கூட இருக்காது.

இந்த 7,386-ல் ஒன்றில் உட்கார என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. குடியுரிமை வாங்கி, பிள்ளைகள் வளர்ந்து, "நாமும் நின்று பார்த்தால் என்ன" என்று யோசிக்க ஆரம்பித்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சுத் திறமை, கொள்கை, பணபலம் எல்லாம் அப்புறம். முதலில் தெரிய வேண்டியது இரண்டுதான்: உங்கள் மாநிலம் என்ன சம்பளம் தருகிறது, உங்கள் தொகுதி எப்போது காலியாகும்.

சம்பளமும் காலண்டரும்

நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 உறுப்பினர்கள். சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். அச்சுப் பிழை இல்லை, நூறு டாலர்தான், 1889-லிருந்து அப்படியே இருக்கிறது. நியூ மெக்சிகோவில் சம்பளமே இல்லாமல், வந்துபோகும் நாளுக்கான படியில்தான் இத்தனை காலமும் ஓட்டியிருக்கிறார்கள். டெக்சஸில் மாதம் 600 டாலர், 1975-ல் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்தது, இன்றுவரை ஏற்றவில்லை. மறுபக்கம் நியூயார்க்கில் 2023-லிருந்து ஆண்டுக்கு 1,42,000 டாலர், கலிபோர்னியாவிலும் லட்சத்துக்கு மேல். ஆக, ஒரே பெயருள்ள வேலை ஒரு மாநிலத்தில் முழுநேர உத்தியோகம், இன்னொரு மாநிலத்தில் கையைக் கடிக்கும் பொதுத்தொண்டு.

சம்பளத்தோடு காலண்டரையும் பாருங்கள். டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதுவும் 140 நாட்களுக்குத்தான் கூடும். வர்ஜீனியாவில் ஜனவரி இரண்டாவது புதன்கிழமை தொடங்கி இரட்டைப்படை ஆண்டில் 60 நாள், ஒற்றைப்படை ஆண்டில் ஏறக்குறைய ஒன்றரை மாதம். பென்சில்வேனியா, மிச்சிகன் மாதிரி இடங்களில் ஆண்டு முழுக்க நடக்கும். 140 நாள்தானே, லீவு போட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். டெக்சஸில் கவர்னர் நினைத்தால் 30 நாள் சிறப்புக் கூட்டத்தொடரை எத்தனை முறை வேண்டுமானாலும் கூட்டலாம். 2021-லும் 2025-லும் அப்படிக் கூட்டியபோது, கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) கிடைக்கக்கூடாது என்று ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலத்தை விட்டே கிளம்பிப் போனார்கள். உங்கள் மேனேஜரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் குறைந்த சம்பளம் உள்ள மாநிலங்களில் வக்கீல்கள், ரியல் எஸ்டேட்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், சொந்தத் தொழில் வைத்திருப்பவர்கள் எங்கும் நிறைந்திருக்கிறார்கள். மாதச் சம்பளத்துக்கு ஐ.டி. வேலை பார்ப்பவர் நிற்பதாக இருந்தால், கம்பெனி எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு மற்றதை யோசியுங்கள். மத்திய அரசு ஊழியர் என்றால் ஹேட்ச் சட்டம் கட்சிச் சின்னத்தில் நடக்கும் தேர்தலில் நிற்கவே விடாது, வேலையை விட்டாக வேண்டும். வீட்டில் இரண்டாவது சம்பளம் வருகிறதா, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்பவையும் இந்தக் கட்டத்தில் பேச வேண்டிய விஷயங்கள். இதைப் பேச வெட்கப்பட்டு, நடுவில் மனைவியோ கணவனோ வெடித்தால் அது தேர்தலைவிடப் பெரிய சண்டையாகிவிடும்.

தொகுதி அளவும் இதே மாதிரி ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். நியூ ஹாம்ப்ஷயர் உறுப்பினர் ஒருவருக்குச் சராசரியாக மூவாயிரத்துச் சொச்சம் மக்கள். கலிபோர்னியா மாநில செனட்டர் ஒருவருக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம், அதாவது வாஷிங்டன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் தொகுதியைவிடப் பெரியது. முதல் ரகத்தை நடந்தே ஜெயிக்கலாம். இரண்டாவதற்கு டிவி விளம்பரம் வேண்டும்.

சீட் காலியாகும் நேரம்

பதவியில் இருப்பவரை எதிர்த்து நின்று ஜெயிப்பது அபூர்வம். பல தொகுதிகளில் எதிர்க்கட்சி ஆளையே நிறுத்தாது, ஏனென்றால் எல்லை வரைந்த விதத்தில் அது யாருக்கு என்பது ஏற்கெனவே முடிவான கதை. அங்கே உண்மையான தேர்தல் நவம்பரில் இல்லை, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் பிரைமரிதான். ஆகவே பெரும்பாலான அரசியல் வாழ்க்கைகள் தொடங்குவது, இருப்பவர் கிளம்பும்போது. கூட்டமான ரயிலில் ஒருவர் எழுந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் இடம், அடுத்த பெட்டியில் இருப்பவருக்கு அவர் எழுந்ததே தெரியாது.

இதற்கு வடக்கு வர்ஜீனியாவின் லௌடன் கவுண்டியைவிட (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆஷ்பர்ன், ஸ்டெர்லிங் பக்கம், டேட்டா சென்டர்களும் நம் ஊர்க் கடைகளும் வரிசையாக இருக்கும் இடம். 2014 தொடக்கத்தில் மாநில செனட்டராக இருந்த மார்க் ஹெரிங் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஆனார். அந்த இடைத்தேர்தலில் ஜெனிஃபர் வெக்ஸ்டன் செனட்டர் ஆனார். 2018 நவம்பரில் வெக்ஸ்டன் காங்கிரஸுக்கு ஜெயித்தார். உடனே அவர் இடத்துக்கு 2019 ஜனவரியில் இடைத்தேர்தல், கீழவையில் இருந்த ஜெனிஃபர் பாய்ஸ்கோ மேலே ஏறினார். பாய்ஸ்கோ விட்ட இடத்துக்கு அடுத்த மாதமே இன்னொரு இடைத்தேர்தல், இப்ராஹிம் சமீரா என்ற பல் டாக்டர் ஜெயித்தார். ஒரே ஒருவர் வாஷிங்டன் போனதில், நாலு மாதம் கூட ஆகவில்லை, இரண்டு புது ஆட்கள் புது நாற்காலியில்.

கதை அங்கே நிற்கவில்லை. பக்கத்துத் தொகுதியில் 2019 நவம்பரில் சுஹாஸ் சுப்பிரமணியம் கீழவைக்கு வந்தார். இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், ஒபாமா வெள்ளை மாளிகையில் தொழில்நுட்பக் கொள்கை ஆலோசகராக இருந்தவர். லௌடனில் தன்னார்வத் தீயணைப்பு, அவசர மருத்துவ உதவி வேலையும் பார்த்தவர். 2021-ல் நீதிமன்றம் மூலம் தொகுதி எல்லைகள் புதிதாக வரையப்பட, 2023-ல் புதிய செனட் இடம் ஒன்று திறந்தது. அதற்கான பிரைமரியில் சுஹாஸ் தோற்கடித்தது யாரை? அதே சமீராவை. அவர் 2021 பிரைமரியிலேயே தன் கீழவை இடத்தைப் பறிகொடுத்திருந்தார். இடைத்தேர்தலில் வேகமாக ஏறுகிறவர்கள் அதே வேகத்தில் இறங்குவதும் உண்டு, ஏனென்றால் குறைந்த பேர் ஓட்டுப் போட்ட தேர்தலில் கிடைத்த இடத்துக்கு வேர் ஆழமாக இருக்காது.

2023 செப்டம்பரில் வெக்ஸ்டன் உடல்நிலை காரணமாக மறுபடி நிற்கப்போவதில்லை என்றார். பன்னிரண்டு பேர் மோதிய பிரைமரியில் சுஹாஸ் ஜெயித்து, 2024 நவம்பரில் காங்கிரஸுக்குப் போனார். அவர் விட்ட செனட் இடத்துக்குக் கட்சி அதே நவம்பரிலேயே ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டது: கண்ணன் ஸ்ரீனிவாசன். முந்தைய ஆண்டுதான் கீழவைக்கு வந்தவர், 2025 ஜனவரி 7 இடைத்தேர்தலில் செனட்டர் ஆனார். அவர் விட்ட இடத்துக்கு அன்றைக்கே இன்னொருவர்.

இதில் கவனிக்க வேண்டியது தேதிகளை. நவம்பர் முதல் வாரம் ஒருவர் ஜெயிக்கிறார், அதே மாதத்தில் கட்சி வேட்பாளர் முடிவாகிறார், ஜனவரி முதல் வாரம் ஓட்டு. அந்த ஓரிரு வாரத்தில் புதிதாக யாரையும் அறிமுகம் செய்துகொள்ள முடியாது. கவுண்டி கட்சிக் கமிட்டிக் கூட்டத்துக்கு மாதாமாதம் போய், அடுத்தவர் பிரச்சாரத்தில் மடிப்பு நாற்காலி எடுத்துப் போட்டு, வாக்குச்சாவடி வாசலில் குளிரில் நின்று மாதிரி ஓட்டுச்சீட்டு விநியோகித்தவர் பெயர்தான் அப்போது நாலு பேர் வாயில் வரும்.

ஆகவே இன்றைக்கே செய்யக்கூடியவை: உங்கள் கீழவை உறுப்பினர், செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர் மூன்று பேரும் யார், வயது என்ன, எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், மேலே என்ன பதவிக்குக் குறி வைக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பதவிக்கால வரம்பு உள்ள மாநிலம் என்றால் வேலை இன்னும் சுலபம், யார் எந்த ஆண்டு வெளியேற வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கலிபோர்னியாவிலும் மிச்சிகனிலும் இரண்டு அவையும் சேர்த்து ஆயுளுக்கு 12 ஆண்டுதான். வரம்பு இல்லாத இடத்தில் விஸ்கான்சினின் ஃபிரெட் ரிஸ்ஸர் மாதிரி ஒருவர் மாட்டினால் கஷ்டம். 1957-ல் உள்ளே வந்தவர் 2021-ல்தான் கிளம்பினார்.

காத்திருக்கும் காலத்தில் பள்ளி வாரியம், கவுண்டி திட்டக் கமிஷன், நூலகக் குழு மாதிரி ஏதாவது ஒன்றில் உட்காருங்கள். பலவற்றுக்குத் தேர்தலே கிடையாது, விண்ணப்பம் போட்டால் நியமிப்பார்கள், ஆள் கிடைக்காமல் காலியாகவே கிடக்கும் இடங்களும் உண்டு. தமிழ்ச் சங்கத் தலைவராக இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பொங்கல் விழாவுக்கு வரும் கூட்டம் மூன்று கவுண்டியிலிருந்து வரும். அதில் உங்கள் தொகுதிக்குள் வீடு எத்தனை, அதில் குடியுரிமை உள்ளவர் எத்தனை, அதில் பிரைமரியில் ஓட்டுப் போடுகிறவர் எத்தனை என்று வடிகட்டிக்கொண்டே போனால் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அவர்கள் தன்னார்வலர்களாகவும் நன்கொடையாளர்களாகவும் வைரம், ஓட்டு வங்கி என்று நம்பினால் மோசம் போவீர்கள்.

பெயர் கொடுக்கும் சடங்கு

தகுதி பெரிய விஷயம் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், பிறப்பால் இருக்க வேண்டியதில்லை, பிறப்பு நிபந்தனை அதிபர், துணை அதிபர் பதவிகளுக்கு மட்டும்தான். வயது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸ் கீழவைக்கு 21 வயது, மாநிலத்தில் இரண்டு ஆண்டு, தொகுதியில் ஓர் ஆண்டு வசித்திருக்க வேண்டும். செனட்டுக்கு 26 வயது. தொகுதி எல்லை தெருவின் நடுவில்கூடப் போகும், எதிர்வீடு வேறு தொகுதியாக இருக்கலாம், ஆகவே வரைபடத்தைப் பார்க்காமல் வீடு மாற்றாதீர்கள்.

ஓட்டுச்சீட்டில் இடம் பிடிக்க டெக்சஸில் கட்டணம், கீழவைக்கு 750 டாலர், செனட்டுக்கு 1,250. வேறு பல மாநிலங்களில் பணத்துக்குப் பதில் கையெழுத்து: வர்ஜீனியா கீழவைக்கு 125, பென்சில்வேனியாவில் 300, இல்லினாயில் 500. எண்ணிக்கையைப் பார்த்து இவ்வளவுதானா என்று தோன்றும். கையெழுத்துப் போட்டவர் தொகுதிக்குள் பதிவான வாக்காளராக இருக்க வேண்டும், முகவரி பொருந்த வேண்டும், சில இடங்களில் கையெழுத்து பதிவேட்டில் உள்ள மாதிரியே இருக்க வேண்டும். கடை வாசலில் நின்று வாங்கினால் பாதிக்குப் பாதி வெளியூர்க்காரர்கள் போட்டிருப்பார்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வாங்குங்கள், கேட்பதைப்போல இரண்டு மடங்கு வாங்குங்கள்.

இதில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒபாமாவே சாட்சி. 1996-ல் இல்லினாய் செனட்டுக்கு அவர் முதல்முறை நின்றபோது, அந்த இடத்தில் இருந்த ஆலிஸ் பால்மர் காங்கிரஸுக்குப் போகப் பார்த்துத் தோற்று, பழைய சீட்டே வேண்டும் என்று திரும்பி வந்தார். அவசரமாகக் கையெழுத்துத் திரட்டினார். ஒபாமா ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கையெழுத்தாகச் சரிபார்த்து ஆட்சேபணை போட்டார்கள். பால்மர் மட்டுமல்ல, பிரைமரியில் இருந்த மற்ற போட்டியாளர்களும் வெளியேற, ஒபாமா அந்தப் பிரைமரியைப் போட்டியின்றி ஜெயித்தார். அழகான கதை இல்லை, ஆனால் சட்டப்படி சரி. உங்களுக்கும் யாராவது இதைச் செய்வார்கள் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

கடைசித் தேதி நினைப்பதைவிட முன்னால் இருக்கும். டெக்சஸில் மார்ச்சில் பிரைமரி, மனு கொடுக்கும் கெடு முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிடும். இதோடு பிரச்சாரக் கமிட்டி பதிவு, பொருளாளர், தனி வங்கிக் கணக்கு மூன்றையும் முதல் டாலர் வாங்கும் முன் முடியுங்கள். பொருளாளராகக் கணக்கு தெரிந்த, தேதி தவறாத, கொஞ்சம் சிடுசிடுப்பான ஒருவரைப் பிடியுங்கள். நண்பர் என்பதற்காக யாரையும் போட வேண்டாம்.

பணம் கேட்பதும் கதவு தட்டுவதும்

பணத்தைப் பொறுத்தவரை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: ஹெச்-1பி, மாணவர் விசா என்று இருப்பவர்கள் எந்த அமெரிக்கத் தேர்தலுக்கும், அது மாநிலத் தேர்தலானாலும் பள்ளி வாரியமானாலும், ஒரு டாலர் கூடக் கொடுக்கக் கூடாது. மத்திய சட்டம் தடை செய்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம். விசாவில் இருப்பவர் சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக வேலை செய்யலாம், அது போதும். மாமா, சித்தப்பா என்று உரிமையோடு வாங்கிப் போட்டு, அப்புறம் ஒவ்வொரு காசோலையாகத் திருப்பிக்கொண்டு நிற்கும் நிலைமை உங்களுக்கும் அவருக்கும் நல்லதல்ல, அவருடைய குடியேற்ற விண்ணப்பத்துக்கு இன்னும் கெடுதல்.

உச்சவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வர்ஜீனியாவில் ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மெய்ன் மாநிலத்தில் நேர்மாறு, கீழவைக்கு நிற்பவர் 60 பேரிடம் தலா 5 டாலர் வாங்கிக் காட்டினால் மாநிலமே பிரச்சார நிதி தரும், செனட்டுக்கு 175 பேர். அந்த வசதி இல்லாத இடத்தில் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டு தெரிந்தவர்களிடம் கேட்பதுதான் வழி. கல்லூரி நண்பன், பழைய மேனேஜர், பல் டாக்டர், எல்லாரிடமும். "முடிந்ததைக் கொடுங்கள்" என்று சொல்லாமல் "இருநூற்றைம்பது டாலர் தர முடியுமா" என்று தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்குவது நம் வளர்ப்புக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், பழகிவிடும்.

ஆனால் மாநிலத் தொகுதி ஜெயிப்பது கதவு தட்டித்தான். கடந்த இரண்டு மூன்று தேர்தலின் பூத் வாரியான முடிவுகளை எடுத்து, பிரைமரியில் எத்தனை பேர் போட்டார்கள், ஜெயிக்க எத்தனை ஓட்டு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். சாதாரணமாக இது சில ஆயிரம்தான் வரும். கட்சி தரும் வாக்காளர் பட்டியலில் தொடர்ந்து பிரைமரியில் ஓட்டுப் போடுபவர்களை மட்டும் பிரித்தெடுத்தால், ஒரு தெருவில் நாற்பது வீட்டில் ஒன்பது வீடுதான் தேறும். மற்ற முப்பத்தொன்றைத் தாண்டிப் போகக் கால் வராது, போய்த்தான் ஆக வேண்டும். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மினிவான் என்ற ஆப்பைப் பயன்படுத்துவார்கள், வீட்டு எண், பெயர், வயது, முன்பு என்ன சொன்னார் எல்லாம் அதில் வரும்.

வாசலில் மணி அடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து, பேட்ஜ் தெரிகிற மாதிரி நில்லுங்கள். நோட்டீஸைக் கதவு இடுக்கில் செருகலாம், தபால் பெட்டிக்குள் போடக் கூடாது, தபால் தலை இல்லாத எதையும் அதில் போடுவது மத்தியச் சட்டப்படி தவறு. ஆள் இல்லையென்றால் நோட்டீஸில் பேனாவால் "வந்தேன், பார்க்க முடியவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுச் செருகுங்கள். பேசக் கிடைத்தால் உங்கள் கதையை இருபது வினாடிக்குள் முடித்துவிட்டு, இந்த ஏரியாவில் உங்களுக்கு என்ன தொல்லை என்று கேளுங்கள். 2017-ல் டானிகா ரோம் வர்ஜீனியாவில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் இருந்த பாப் மார்ஷலைத் தோற்கடித்தார். திருநங்கை என்பதைப் பற்றியே நாடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் விடாமல் பேசியது 28-ம் எண் சாலையின் டிராஃபிக் பற்றி. அந்தச் சாலையில் தினமும் மாட்டிக்கொண்டவர்கள்தான் ஓட்டர்கள்.

ஒரு ஓட்டில் என்ன இருக்கிறது என்று சலிப்பு வந்தால் அதே 2017-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவின் 94-வது தொகுதியில் மறு எண்ணிக்கையில் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஒரு ஓட்டில் முன்னிலை. மறுநாள் ஒரு ஓட்டுச்சீட்டைப் பற்றிப் பிரச்சினை கிளம்பியது: வாக்காளர் இரண்டு பெயருக்கும் வட்டத்தை நிரப்பிவிட்டு, சைமண்ட்ஸ் பெயர்ப் பக்கம் ஒரு கோடு இழுத்திருந்தார். அது டேவிட் யான்சிக்குத்தான் என்று நீதிபதிகள் சொல்ல, இருவருக்கும் 11,608. 2018 ஜனவரி 4-ம் தேதி ரிச்மண்டில் இரண்டு பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, பழைய ஃபிலிம் டப்பாக்களுக்குள் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் கலக்கி எடுத்தார்கள். யான்சி பெயர் வந்தது, குடியரசுக் கட்சிக்கு அவையில் 51-49 பெரும்பான்மையும் வந்தது. சைமண்ட்ஸ் 2019-ல் மறுபடி நின்று ஜெயித்தார்.

பூத் ஏஜென்ட் விஷயத்திலும் அசட்டையாக இருக்காதீர்கள். ஜிம்மி கார்ட்டரின் அரசியல் வாழ்க்கை தொடங்கியதே 1962-ல் ஜார்ஜியா செனட் பிரைமரியில் ஓட்டுப்பெட்டியைக் கள்ள ஓட்டால் நிரப்பியதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய்த்தான். குவிட்மன் கவுண்டியில் செத்தவர்களும் வந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள், அதுவும் அகரவரிசையில்.

உள்ளே போன பிறகு

ஜெயித்துப் போனதும் பெரும்பாலான மாநிலங்களில் கிடைப்பது ஒரு சிறிய அறையும் ஓரிரு உதவியாளரும்தான். முதல் நாளே கேட்க வேண்டியது கமிட்டி. எந்தக் கமிட்டியில் யார் என்பதை ஸ்பீக்கரும் கட்சித் தலைமையும் முடிவு செய்வார்கள். பண ஒதுக்கீட்டுக் கமிட்டிக்கு எல்லாரும் அடித்துக்கொள்வார்கள், புது ஆளுக்குக் கிடைக்காது. உங்களுக்குத் தொழில் ரீதியாகத் தெரிந்த விஷயத்தின் கமிட்டியைக் கேளுங்கள், அதில் ஒரே ஆண்டில் உங்கள் பேச்சுக்கு மரியாதை வந்துவிடும்.

மசோதா எழுதுவதற்குச் சட்டமன்றத்திலேயே வக்கீல்கள் இருக்கிறார்கள், யோசனையைச் சொன்னால் சட்ட மொழியில் எழுதித் தருவார்கள். அப்புறம் அது கமிட்டிக்குப் போகும். பெரும்பாலான மசோதாக்கள் சாவது அங்கேதான், அவைக்கு வந்து தோற்பது குறைவு. கமிட்டித் தலைவர் பட்டியலில் எடுக்கவில்லை என்றால் முடிந்தது. அடுத்த எதிரி செலவுக் கணக்கு: உங்கள் மசோதாவால் அரசுக்கு இவ்வளவு செலவு என்று ஒரு தாள் வரும், அதில் ஏழு இலக்க எண் இருந்தால் நல்ல மசோதாவும் மூச்சுவிடாமல் செத்துவிடும். ஆகவே முதல் ஆண்டில் இரண்டு மூன்று சின்ன, செலவில்லாத, எதிர்க்கட்சியிலும் ஒருவர் கையெழுத்துப் போடக்கூடிய மசோதாக்கள் போதும்.

சின்ன மசோதா என்றால் தானாக நிறைவேறிவிடும் என்றும் அர்த்தமில்லை. 2015-ல் நியூ ஹாம்ப்ஷயரில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சிவப்பு வால் பருந்தை மாநில வேட்டைப் பறவையாக அறிவிக்கச் சொல்லி மசோதா கொண்டுவரச் செய்தார்கள். பார்க்க வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகள் முன்னாலேயே உறுப்பினர்கள் அதைக் கிண்டலடித்துத் தோற்கடித்தார்கள். நாடு முழுக்கக் காறித் துப்பியது. 2019-ல் பருந்து சட்டமாகிவிட்டது.

பெரிய மசோதா வேண்டும் என்றால் பெரும்பான்மைக் கட்சியில் இருக்க வேண்டும். ஒபாமா இல்லினாயில் முதல் ஆறு ஆண்டு சிறுபான்மையில் இருந்தார், பெரிதாக எதுவும் நகரவில்லை. 2002 தேர்தலில் அவர் கட்சிக்குச் செனட் கிடைத்து, எமில் ஜோன்ஸ் அவைத் தலைவரானதும் முக்கியமான மசோதாக்களை ஒபாமா கையில் கொடுத்தார். கொலை வழக்கு விசாரணைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற மசோதாவை முதலில் எதிர்த்தது போலீஸும் அரசு வழக்கறிஞர்களும். அவர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் பேசி, திருத்தி, கடைசியில் செனட்டில் ஒருமனதாக நிறைவேற்றினார். எதிர்ப்பவரை மேடையில் திட்டுவதைவிட அறைக்குள் கூப்பிட்டுப் பேசுவது இங்கே பலன் தரும்.

லாபியிஸ்ட்கள், அதாவது கம்பெனிகளுக்காகவும் அமைப்புகளுக்காகவும் சட்டமன்றத்தில் பேசிக் காரியம் சாதிக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள், முதல் வாரமே வருவார்கள். வில்லன்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்த வேண்டாம், உங்கள் உதவியாளரைவிட அந்த விஷயம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும், பொய் சொன்னால் பிழைப்பு போய்விடும் என்பதும் தெரியும். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று அவர்களிடமே கேளுங்கள், பெரும்பாலும் நேர்மையாகச் சொல்வார்கள். ஆனால் சாப்பாட்டுப் பில்லை நீங்களே கட்டுங்கள், பரிசு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இல்லினாயின் மைக்கேல் மேடிகன் முப்பது ஆண்டுக்கு மேல் ஸ்பீக்கராக இருந்தவர், அவரைக் கேட்காமல் அங்கே எதுவும் அசையாது என்பார்கள். 2025-ல் ஊழல் வழக்கில் ஏழரை ஆண்டு சிறைத்தண்டனை.

இதற்கு நடுவே வேலையின்மைப் படி வரவில்லை, லைசென்ஸ் புதுப்பிக்க முடியவில்லை என்று தொகுதி மக்கள் கூப்பிடுவார்கள். அந்த போன்களை எடுங்கள். உங்கள் மசோதா பெயரை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள், மகனின் லைசென்ஸ் வந்ததை வைத்திருப்பார்கள்.

மேலே போவதா, இருப்பதா

கீழவைக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு, செனட்டுக்குப் பெரும்பாலும் நான்கு ஆண்டு. செனட்டின் உண்மையான மதிப்பு அந்த நான்கில் இருக்கிறது: நடுவில் வேறு பதவிக்கு நின்று தோற்றாலும் நாற்காலி பத்திரம். ஒபாமா 2000-ல் பாபி ரஷ்ஷை எதிர்த்துக் காங்கிரஸுக்கு நின்று படுதோல்வி அடைந்தார். ஆனால் 1998-ல்தான் மாநில செனட்டுக்கு மறுபடி ஜெயித்திருந்ததால் திரும்பிப் போய் உட்கார இடம் இருந்தது. சுஹாஸ் 2024-ல் நின்றதும் அதே மாதிரி, முந்தைய நவம்பரில் ஜெயித்த நான்காண்டு பதவியைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டாண்டுப் பதவியில் இருப்பவருக்கு இந்தச் சொகுசு கிடையாது, ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. விதிவிலக்கு, இடைத்தேர்தல். அதில் தோற்றால் பழைய இடம் அப்படியே இருக்கும், அதனால் இடைத்தேர்தல் என்று கேட்டதும் துள்ளி எழுந்துவிடுங்கள்.

மேலே போக காங்கிரஸ் மட்டும்தான் வழி என்றில்லை. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் வாஷிங்டன் மாநில செனட்டில் ஒரே ஒரு பதவிக்காலத்தின் பாதியில் காங்கிரஸுக்குத் தாவினார் என்பது உண்மை. ஆனால் மேரிலாந்து கீழவையில் இருந்த அருணா மில்லர் 2018-ல் காங்கிரஸ் பிரைமரியில் தோற்று, 2023-ல் துணை கவர்னர் ஆனார். நியூயார்க் கீழவையில் இருந்த ஸோரான் மம்தானி 2025-ல் நகர மேயர் பதவிக்கு ஜெயித்தார். அதே மேரிலாந்தில் குமார் பார்வே 1990-ல் ஜெயித்து, முதல் இந்திய வம்சாவளி மாநில உறுப்பினராகி, முப்பது ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்து பெரும்பான்மைக் கட்சித் தலைவராகவும் ஆனார். கமிட்டித் தலைவர் பதவி கைக்கு வந்துவிட்டால், 435 பேரில் ஒருவராக வாஷிங்டன் விமானத்தில் வாரம் இரண்டு முறை ஏறுவதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

கிளம்புகிறவர்களுக்கு ஒரு கடைசி விஷயம். பதவி முடிந்ததும் லாபியிஸ்ட் ஆகிச் சம்பாதிக்கலாம் என்று பலர் கணக்குப் போடுவார்கள். பல மாநிலங்களில் ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ காத்திருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் 2018-ல் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு அதை ஆறு ஆண்டாக ஆக்கிவிட்டார்கள், ஆகவே பழைய வேலைக்கான லைசென்ஸ், சர்டிபிகேட் எதையும் காலாவதியாக விட்டுவிடாதீர்கள்.